பட்டைக்குறியீடும் கையிருப்புக் கணக்கும்: ஒரு வரலாற்று நோக்கு

வணிகத்தின் வரலாற்றை எழுதியோர் கடல்வழிகளைப் பற்றியும் துறைமுகங்களைப் பற்றியும் நாணயங்களைப் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கின்றனர். ஆயினும் வணிகன் ஒருவன் நாள்தோறும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் மிக எளிய வினாவொன்று அவர்களுடைய கவனத்தை அதிகம் ஈர்த்ததில்லை. ‘என்னிடம் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது?’ என்பதே அவ்வினாவாகும். இதற்கு விடை தெரியாத கடையிலே ஒரு பொருள் இறாக்கையின் பின்வரிசையில் காலாவதியாகிக் கிடக்கும். வேறொரு பொருளைத் தேடி வந்தவர் வெறுங்கையுடன் திரும்புவார். முதலின் பெரும்பகுதி பண்டங்களாகவே உறைந்து கிடக்கும் சிறு வணிகத்தைப் பொறுத்தவரையில், இவ்விரு நட்டங்களும் அதன் வாழ்வையும் தாழ்வையும் தீர்மானிக்க வல்லவை.

இவ்வினாவுக்கு விடை காணும் கருவியாக இன்று எங்கும் பரந்து காணப்படுவது பார்கோட் எனப்படும் பட்டைக்குறியீடு ஆகும். சவர்க்காரக் கட்டி முதல் பாடநூல் வரை அனைத்தின் முதுகிலும் இக்கறுப்புக் கோடுகள் காணப்படுகின்றன. கடைவாயிலில் சிட்டை போடும் வேலையை விரைவுபடுத்தும் ஒரு பொறியுத்தி என்றே பலரும் இதனைக் கருதுகின்றனர். இக்கருத்து முற்றிலும் தவறானதன்று; ஏனெனில் பட்டைக்குறியீடு அந்நோக்கத்திற்காகவே பிறந்தது. ஆனால் அதன் நிலைத்த பயன் வேறோரிடத்தில் இருந்தது என்பதை அதன் வரலாறு காட்டுகின்றது. வாயிலுக்காகப் பிறந்த குறியீடு களஞ்சியத்திலேதான் தன் முழுப்பயனையும் கண்டது. இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ளாது வருடியையும் மென்பொருளையும் வாங்கும் சிறு வணிகர், தமக்குத் தேவையானதை விட்டுத் தேவையற்றதற்கே விலை கொடுப்பவராகின்றார். இதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையிருப்பும் காசுப்பெட்டியும்

1494ஆம் ஆண்டில் வெனிஸ் நகரிலே அச்சேறிய லூக்கா பச்சியோலியின் கணித நூல், இரட்டைப் பதிவுக் கணக்குமுறையை அச்சிலே விளக்கிய முதல் நூலாகப் போற்றப்படுகின்றது. கணக்கெழுதப் புகும் வணிகன் முதலிலே செய்யவேண்டியது தன் உடைமைகள் யாவற்றையும் எண்ணிப் பட்டியலிடுவது என்று பச்சியோலி அந்நூலிலே கூறுகின்றார். பேரேட்டுக்கு முன்னர் இருப்பெடுப்பு என்னும் இவ்வொழுங்கு இன்றும் மாறவில்லை.

அதன் பின்னர் பல நூற்றாண்டுகளாகச் சில்லறை வணிகம் கையாண்ட முறை ஆண்டிறுதி இருப்பெடுப்பாகும். தொடக்க இருப்போடு கொள்வனவைக் கூட்டி இறுதி இருப்பைக் கழித்தால் விற்ற பண்டங்களின் கிரயம் கிடைக்கும். இம்முறை எளிமையானது, ஆயினும் இதிலே பெரியதொரு குறைபாடு உண்டு. களவு போனதும் எலி தின்றதும் உடைந்ததும் ‘விற்றது’ என்னும் தலைப்பினுள்ளேயே ஒளிந்துகொள்கின்றன. இதற்கு மாற்றாக ஒவ்வொரு வரவையும் ஒவ்வொரு வழங்கலையும் உடனுக்குடன் பதியும் தொடர் இருப்பு முறை அறியப்படாததன்று. ஆனால் ஆயிரக்கணக்கான சிறு பொருள்களைச் சில சதங்களுக்கு விற்கும் மளிகைக் கடையில், எழுதுபவரின் கூலி எழுதப்பட்ட பொருளின் இலாபத்தை விழுங்கிவிடும். ஆகவே அம்முறை விலையுயர்ந்த பண்டங்களின் வணிகத்திற்கே உரியதாக ஒதுங்கி நின்றது.

1879ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் மதுச்சாலை நடத்திய ஜேம்ஸ் ரிற்றி என்பவர் காசுப்பதிவுப் பொறியை உருவாக்கினார். ஊழியர்கள் பணத்தைக் கையாடாமற் காப்பதே அவருடைய நோக்கம். அப்பொறி வந்த பணத்தை அறிந்தது. போன பொருளை அறியவில்லை. அடுத்த ஏறத்தாழ நூறாண்டுக்காலம் கடைகளின் அறிவு இவ்வெல்லைக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது.

இதற்கிடையில் 1916ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரிலே கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்னும் பெயரில் சுயசேவைக் கடையொன்றைத் திறந்தார். அதுவரை வாடிக்கையாளர் கேட்டதைக் கடைச்சிப்பந்தியே இறாக்கையிலிருந்து எடுத்துக் கொடுத்து வந்தார். எனவே எது குறைகின்றது என்பதை அவருடைய கையும் கண்ணும் அறிந்திருந்தன. சுயசேவை முறை கூலியைக் குறைத்தது. ஆனால் அந்த அறிவையும் சேர்த்தே அகற்றிவிட்டது. பொருள் ஒவ்வொன்றிலும் விலை ஒட்டவேண்டியதாயிற்று; வாயிலிலே வரிசை நீண்டது. 1913ஆம் ஆண்டில் ஃபோர்ட் ஹரிஸ் என்பவர், ஒரு தடவையில் எவ்வளவு கொள்வனவு செய்வது சிக்கனமானது என்பதற்கு ஒரு சூத்திரம் வகுத்து வெளியிட்டிருந்தார். சூத்திரம் இருந்தது, அதற்கு ஊட்டவேண்டிய எண்கள் கடைக்காரரிடம் இருக்கவில்லை. 1932ஆம் ஆண்டில் ஹார்வார்ட் பல்கலைக்கழக மாணவரான வொலஸ் ஃபிளின்ற், துளையிட்ட அட்டைகளால் இயங்கும் மளிகைக் கடையொன்றைத் தம் முதுமாணி ஆய்விலே விவரித்தார். பொருளாதார மந்தம் நிலவிய அக்காலத்தில் அது ஏட்டளவிலேயே நின்றுவிட்டது. எனினும் அதே ஃபிளின்ற் பிற்காலத்தில் உணவுக் கடைத்தொடர்களின் தேசியச் சங்கத்தில் உயர்பதவி வகித்துப் பட்டைக்குறியீட்டு முயற்சிக்குத் துணைநின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

மணலிற் கீறிய கோடுகள்

1948ஆம் ஆண்டில் பிலடெல்பியாவிலுள்ள டிறெக்ஸெல் தொழினுட்ப நிறுவனத்திற்கு உணவுக் கடைத்தொடர் ஒன்றின் தலைவர் வந்தார். வாயிலிலே பொருளின் விவரத்தைத் தானாகவே வாசிக்கும் முறையொன்றை ஆராயுமாறு அவர் பீடாதிபதியிடம் கேட்டார், பீடாதிபதி இணங்கவில்லை. அவ்வுரையாடல் பேர்ணாட் சில்வர் என்னும் பட்டப்பின்படிப்பு மாணவரின் செவியில் விழுந்தது. அவர் அதனைத் தம் நண்பர் நோமன் ஜோசப் வூட்லண்டிடம் கூறினார். வூட்லண்ட் அச்சிக்கலையே சிந்தித்தவராய்ப் புளோரிடாவிலிருந்த தம் பாட்டனாரின் இல்லத்துக்குச் சென்றார். அங்கே கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, சிறுவயதிற் சாரணர் இயக்கத்திலே கற்ற மோர்ஸ் குறியீடு அவருடைய நினைவுக்கு வந்தது. புள்ளிகளையும் கோடுகளையும் மணலிலே குத்தி, விரல்களைத் தம்மை நோக்கி இழுத்தபோது, அவை மெல்லியனவும் தடித்தனவுமான நெடுங்கோடுகளாக நீண்டன.

இருவரும் 1949ஆம் ஆண்டு ஒக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1952ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆந் திகதி அது வழங்கப்பட்டது. எப்பக்கமிருந்து பார்த்தாலும் வாசிக்கக்கூடியதாய் இருக்க வேண்டும் என்பதனால், கோடுகளை வளைத்து ஒருமைய வட்டங்களாக்கிய வடிவமும் அதில் அடங்கியிருந்தது. அவர்கள் அமைத்த வாசிப்புக் கருவியில் 500 உவாற்று மின்குமிழ் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அதன் வெப்பத்தால் வாசிக்கப்பட வேண்டிய தாளே கருகிப் புகைந்தது. எண்ணம் முதிர்ந்திருந்தது, ஏற்ற ஒளியும் மலிவான கணனியும் அப்போது இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டில் லேசர் பிறந்தது. காப்புரிமை கைமாறி, 1969ஆம் ஆண்டில் காலாவதியாயிற்று. சில்வர் 1963ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார். தம் எண்ணம் கடையொன்றிலே இயங்குவதை அவர் காணவில்லை.

உடன்பாடு என்னும் கண்டுபிடிப்பு

இதே காலத்தில் வேறொரு துறையிலும் ஒரு முயற்சி நடைபெற்றது. சில்வேனியா நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் கொலின்ஸ் என்பவரின் எண்ணத்திலிருந்து வளர்ந்த கார்ற்றக் என்னும் முறையை அமெரிக்க இரயில்வேக்கள் 1967ஆம் ஆண்டு முதல் மேற்கொண்டன. வண்டிகளின் பக்கத்தில் ஒளி தெறிக்கும் வண்ணப்பட்டைகள் ஒட்டப்பட்டன. ஓடும் வண்டியின் எண்ணைப் பாதையோரக் கருவி வாசித்தது. ஆனால் பட்டைகளில் அழுக்கேறியது. அவற்றைத் துடைத்துப் பேணுவோர் இல்லை. 1970களின் பிற்பகுதியில் அம்முறை கைவிடப்பட்டது. கருவி சரியாயிருந்தும் பராமரிப்பு இல்லாமையால் முறைமை அழிந்த இந்நிகழ்ச்சி, பின்னர் நாம் கூறவிருப்பதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

மளிகைத் துறையினர் வேறுவிதமாகச் செயற்பட்டனர். 1970ஆம் ஆண்டில் உற்பத்தியாளரும் கடைத்தொடர்களும் இணைந்து, ஹைன்ஸ் நிறுவனத்தின் தலைவரான பேர்ட் குக்கின் தலைமையில் ஒரு குழுவை அமைத்தனர். இவர்கள் முதலிலே தீர்மானித்தது கோடுகளின் வடிவத்தையன்று. எண்ணின் அமைப்பையே முதலில் வகுத்தனர். எந்த உற்பத்தியாளரின் எந்தப் பொருளுக்கும் நாடெங்கணும் ஒரே எண் என்பதே அவர்கள் கண்ட உடன்பாடு. அதன் பின்னரே அவ்வெண்ணைத் தாங்கும் சின்னத்தைத் தெரிவு செய்யும் பணி அலன் ஹபர்மன் தலைமையிலான துணைக்குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டில் சின்சினாற்றி நகரிலே வட்டச் சின்னம் பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. அச்சுப்பொறியில் மை சற்றுப் பரவினால் வட்டம் சிதைந்து வாசிக்க முடியாததாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜோர்ஜ் லோறர் வகுத்த நேர்கோட்டுச் சின்னத்திலோ, கோட்டின் திசையிலே மை பரவினால் கோடு சற்று நீளுமேயன்றி அதன் தடிப்பு மாறாது. 1973ஆம் ஆண்டு ஏப்பிரல் 3ஆந் திகதி அச்சின்னமே தெரிவு செய்யப்பட்டது. அப்போது வூட்லண்டும் அதே நிறுவனத்திலே பணியாற்றிக்கொண்டிருந்தார்.

1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆந் திகதி காலை, ஒகையோ மாநிலத்து ட்ரோய் நகரின் மார்ஷ் பேரங்காடியில் 10 சிறுபொதிகள் கொண்ட ஜூசி ஃபுரூற் சுயிங்கம் பொதியொன்று 67 சதத்திற்கு விற்கப்பட்டது. இக்குறியீடு தாங்கிய பொருளொன்று வருடியால் வாசிக்கப்பட்டு விற்பனையானது அதுவே முதற்றடவையாகும். ரிற்றியின் காசுப்பெட்டி பிறந்த டேற்றன் நகரம் அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. பணத்தை மட்டும் அறிந்த பொறி பொருளையும் அறியத் தொடங்கியது அந்த அயலிலேதான் என்பது வரலாற்றின் ஓர் ஒற்றுமையாகும்.

இரு சேமிப்புகளும் எழுந்த எதிர்ப்பும்

இம்முறை இலாபகரமானதா என்பதை ஆராய்ந்தபோது, மக்கின்சி ஆலோசனை நிறுவனத்தின் துணையுடன் குழுவினர் சேமிப்புகளை இருவகையாகப் பிரித்தனர். காசாளரின் நேரம் குறைதல், விலை ஒட்டும் கூலி இல்லாமற்போதல், விலைப் பிழைகள் நீங்குதல் ஆகியன கண்கூடான ‘வன் சேமிப்புகள்’. எப்பொருள் எப்போது எவ்வளவு விற்கின்றது என்னும் அறிவால் கையிருப்பைச் செம்மைப்படுத்துதல் முதலியன ‘மென் சேமிப்புகள்’. மென் சேமிப்பை அளவிடுதல் கடினமாதலால், தீர்மானம் வன் சேமிப்பை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. அதாவது பட்டைக்குறியீட்டின் தலையாய பயன் அதன் பிறப்புச் சான்றிதழிலே இடம்பெறவில்லை.

வன் சேமிப்பு எளிதில் கிட்டியதுமில்லை. மரம் முந்தியதோ வித்து முந்தியதோ என்பதுபோல், வருடிகள் இல்லாதபோது உற்பத்தியாளர் குறியிடத் தயங்கினர். குறியில்லாதபோது கடைக்காரர் வருடி வாங்கத் தயங்கினர். 1976ஆம் ஆண்டில் அமெரிக்க வணிகச் சஞ்சிகையொன்று இம்முயற்சியைத் தோல்வியென்றே எழுதியது. பொருளிலே விலை எழுதப்படாவிட்டால் வாங்குவோர் ஏமாற்றப்படுவர் என நுகர்வோர் இயக்கங்கள் வாதிட்டன; விலை ஒட்டும் வேலை பறிபோகும் எனக் கடை ஊழியரின் தொழிற்சங்கங்கள் அஞ்சின. மிச்சிகன் மாநிலம் 1976ஆம் ஆண்டில் பொருள்தோறும் விலை குறிக்கப்பட வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. அது 2011ஆம் ஆண்டு வரை நடைமுறையிலிருந்தது. இவ்வெதிர்ப்பைப் பழைமைவாதம் எனத் தள்ளிவிட முடியாது. விலை பொருளைவிட்டு நீங்கிப் பதிவேட்டுக்குச் சென்றதும், அதனைக் காணும் உரிமையும் மாற்றும் ஆற்றலும் பதிவேட்டை வைத்திருப்பவரின் கைக்குச் சென்றன. எதிர்ப்பாளர் சுட்டியது இந்த உண்மையையே.

1980களில் நிலைமை மாறியது. வோல்மார்ட் முதலிய பெருங்கடைகள் உணவல்லாத பண்டங்களுக்கும் இக்குறியீட்டை விரிவாக்கின. 1987ஆம் ஆண்டில் வோல்மார்ட் தன் கடைகளைச் செய்மதி வழியாக இணைத்தது. எந்தக் கடையில் எது விற்றது என்பதை உற்பத்தியாளர் அறியுமுன் கடைத்தொடர் அறிந்தது. மென் சேமிப்பு என ஒதுக்கிவைக்கப்பட்டதே வணிக ஆதிக்கத்தின் ஊற்றுக்கண்ணாயிற்று. அவ்வறிவைத் திரட்டும் வசதியற்ற சிறு கடைகள் இப்போட்டியிலே பின்தங்கின.

எண்ணின் இலக்கணம்

1977ஆம் ஆண்டில் 12 ஐரோப்பிய நாடுகளைச் சேர்ந்தோர் பிரசல்ஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு சங்கம் அமைத்து, அமெரிக்கரின் 12 இலக்க எண்ணை 13 இலக்கமாக விரித்தனர். 2005ஆம் ஆண்டு முதல் அவ்வமைப்பு ஜீ.எஸ்.1 எனப்படுகின்றது. இலங்கைக்கு 479 என்னும் முன்னெண் உரியது, இந்தியாவுக்கு 890. இம்முன்னெண் பொருள் உற்பத்தியான நாட்டைக் குறிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அது எண்ணை வழங்கிய நாட்டு அமைப்பைக் குறிப்பதேயாகும்.

பதின்மூன்றாம் இலக்கம் சரிபார்ப்பு இலக்கமாகும். உதாரணமாக 200000123456 என்னும் 12 இலக்கங்களை எடுத்துக்கொள்வோம். இடமிருந்து ஒற்றை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 11. இரட்டை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 12. பின்னதை 3ஆற் பெருக்கி முன்னதுடன் கூட்ட 47 வரும். அடுத்த பத்தின் மடங்கான 50ஐ எட்ட 3 தேவை. ஆகவே முழு எண் 2000001234563 ஆகும். எந்தவோர் இலக்கம் தனியே பிழைத்தாலும் இச்சோதனை அதனைக் கண்டுகொள்ளும். அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம்மாறினாலும் பெரும்பாலும் கண்டுகொள்ளும். 1உம் 6உம் போல ஐந்து வேறுபாடுள்ள இலக்கங்கள் இடம்மாறினால் மட்டும் ஏமாந்துபோகும்.

இங்கு மனங்கொள்ள வேண்டியது யாதெனில், இவ்வெண்ணுக்குள் விலை இல்லை. காலாவதித் திகதி இல்லை. எவ்வளவு இருக்கின்றது என்பதும் இல்லை. ஒரே வகையான ஆயிரம் பொதிகளுக்கும் ஒரே எண்தான். கோடு வெறும் பெயர். அப்பெயருக்குரிய கணக்கு பதிவேட்டிலேயே இருக்கின்றது. திகதியையும் தொகுதி எண்ணையும் சேர்த்துத் தாங்கவல்ல சதுரக் குறிகள் பின்னர் தோன்றின. 1994ஆம் ஆண்டில் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசஹிரோ ஹறா குழுவினர் உருவாக்கிய கியூ.ஆர். குறி அவற்றுள் ஒன்று. அவையும் பதிவேட்டின் தேவையை நீக்கிவிடவில்லை.

சிறு வணிகம் கற்கும் பாடம்

1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். தனியாள் கணனி சந்தைக்கு வந்ததும், அக்காலத்திலேயே கைக்கு அடக்கமான லேசர் வருடிகள் தோன்றியதும் சிறு வணிகருக்கு வழி திறந்தன. இன்று வருடி மிக எளிய கருவியாகிவிட்டது. கணனிக்கு அது ஒரு தட்டச்சுப் பலகையாகவே தோன்றுகின்றது. கோட்டை வாசித்து, அவ்வெண்ணை யாரோ தட்டச்சு செய்ததுபோல உள்ளனுப்புகின்றது. ஆகவே சாதாரண அட்டவணை மென்பொருளும் இதனை ஏற்கும். செலவு இப்போது தடையன்று. முறையே தடையாக உள்ளது.

பெரும் பேரங்காடியின் வன் சேமிப்பு சிறு கடைக்குப் பொருந்தாது. அங்கே நீண்ட வரிசையில்லை. அதற்குரியது மென் சேமிப்பு மட்டுமே. எனவே சிறு வணிகர் காசுமேசையிலிருந்து தொடங்காது களஞ்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். 1970ஆம் ஆண்டுக் குழுவைப் போல, கோட்டுக்கு முன் எண்ணையும் எண்ணுக்கு முன் பட்டியலையும் அமைக்க வேண்டும்.

முதலாவது பணி பண்டப் பட்டியல். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு பெயர், ஓர் எண், ஓர் அலகு என்பன வரையறுக்கப்படுதல் வேண்டும். பெரும்பாலான குழப்பங்கள் அலகிலேயே பிறக்கின்றன. 24 போத்தல் கொண்ட பெட்டியாக வாங்கித் தனிப்போத்தலாக விற்கும் கடையில், பெட்டிக்கும் போத்தலுக்கும் வெவ்வேறு எண்கள் இருக்கும். ‘ஒரு பெட்டி என்பது 24 போத்தல்’ என்று பதிவேட்டுக்குச் சொல்லாவிட்டால் ஒன்று வரவாகி இருபத்துநான்கு செலவாகும். கம்பனிக் குறியில்லாத பண்டங்களுக்குக் கடைக்காரரே எண்ணிடலாம்; 20 முதல் 29 வரை தொடங்கும் 13 இலக்க எண்கள் இத்தகைய உள்ளகப் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. மேலே காட்டிய எண்ணும் அவ்வகையினதே. எழுத்தும் எண்ணும் கலந்த குறி வேண்டுமாயின், 1974ஆம் ஆண்டில் தோன்றிய கோட் 39, 1981ஆம் ஆண்டில் தோன்றிய கோட் 128 ஆகியன உதவும். வெப்பத்தால் நேரடியாக அச்சாகும் மலிவான ஒட்டுச்சீட்டுகள் வெயிலிலும் சூட்டிலும் மங்கிவிடும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கார்ற்றக் பட்டைகளுக்கு நேர்ந்த கதி சிறிய அளவில் இங்கும் நேரலாம்.

இரண்டாவது பணி, பச்சியோலி கூறிய இருப்பெடுப்பு. கடையை மூடிவைத்து ஒரே நாளில் அனைத்தையும் எண்ணிப் பதிய வேண்டும். விற்றுக்கொண்டே எண்ணிய தொடக்க இருப்பு முதல் நாளே பொய்யாகும்.

மூன்றாவது பணி, அசைவுகள் யாவற்றையும் பதிதல். வரவைப் பதியும்போது வழங்குநரின் சிட்டையைப் பார்த்துப் பதியலாகாது. பெட்டியைத் திறந்து எண்ணியே பதிய வேண்டும். உடைவு, காலாவதி, திருப்பி அனுப்பியது, வீட்டுக்கு எடுத்தது என்பனவும் தத்தம் தலைப்பில் எழுதப்பட வேண்டும். பழைய ஆண்டிறுதி முறையில் ஒளிந்துகிடந்த நட்டங்கள் அப்போதுதான் பெயர் பெறும். விற்பனையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரே விலையும் வெவ்வேறு வாசனையும் கொண்ட மூன்று சவர்க்காரங்களை ஒருவர் வாங்க, காசாளர் வசதிக்காக ஒன்றையே மூன்று தடவை வருடினால் பணக்கணக்கிலே ஒரு சதமும் பிசகாது. கையிருப்போ மூன்று பண்டங்களிற் பிழைக்கும். வாயிலை மட்டும் நோக்குபவருக்கு இது பிழையாகவே தோன்றாது. களஞ்சியத்தை நோக்குபவருக்கு இதுவே முறைமையின் மரணம்.

நான்காவது பணி, பதிவேட்டைப் பயன்படுத்தல். நாளொன்றுக்குச் சராசரியாக 6 பொதி விற்கும் பண்டம், கேட்டு 5 நாளில் வந்து சேருமாயின், காத்திருக்கும் காலத்திற்கு 30 பொதி தேவை. எதிர்பாராத தாமதத்திற்கு 12 பொதியைச் சேர்த்தால், இருப்பு 42ஐ அடையும்போது கொள்வனவுக் கட்டளை அனுப்ப வேண்டும். ஹரிஸின் சூத்திரத்திற்கு ஊட்ட எண்ணில்லாதிருந்த கடைக்காரரிடம் இன்று அவ்வெண் உண்டு.

ஐந்தாவதாக, பதிவேட்டை நம்பாது சோதித்தல் வேண்டும். ஆண்டிலொரு நாள் அனைத்தையும் எண்ணுவதோடு நில்லாது, வாரந்தோறும் சில பண்டங்களை எண்ணி ஒப்பிட வேண்டும். பெறுமதி மிக்கவற்றை அடிக்கடியும் ஏனையவற்றை இடையிட்டும் எண்ணுதல் போதுமானது. பதிவேட்டிலே கழித்தற் குறியுடன் இருப்பொன்று தோன்றினால், வரவு பதியப்படாமலே விற்பனை நடந்திருக்கிறது என்பது அதன் பொருள். கணனியோ மின்சாரமோ எக்காலமும் துணைநிற்கும் என்றும் எண்ணலாகாது. 2022ஆம் ஆண்டில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. அத்தகைய நாளில் விற்பனையைக் கொப்பியில் எழுதிப் பின்னர் பதிவேட்டிற் சேர்க்கும் ஒழுங்கும், பதிவேட்டின் பிரதியை வேறிடத்திலே பேணும் வழக்கமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து இரு உண்மைகள் பெறப்படுகின்றன. ஒன்று, பட்டைக்குறியீட்டை வாழவைத்தது லேசரைக் காட்டிலும் உடன்பாடே என்பது. போட்டியாளர்கள் ஓரிடத்திலமர்ந்து, ஒரு பொருளுக்கு ஒரே பெயரென ஒப்பியதே அதன் அடித்தளம். சிறு கடையிலும் முதலாளியும் காசாளரும் களஞ்சியப் பொறுப்பாளரும் அத்தகைய உடன்பாடொன்றுக்கு வராவிடின், எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளும் பயன் தராது.

மற்றையது, பதிவேட்டை யார் வைத்திருக்கிறாரோ அவரிடமே ஆற்றல் சென்று சேர்கின்றது என்பது. மிச்சிகன் மாநிலத்து நுகர்வோர் அதனை அச்சத்துடன் உணர்ந்தனர். பெருங்கடைத்தொடர்கள் அதனை ஆதாயத்துடன் உணர்ந்தன. சிறு வணிகரும் இதனை உணர்தல் வேண்டும். மாதக் கட்டணத்திற்குக் கிடைக்கும் மென்பொருளைத் தெரிவு செய்யும்போது, அதன் அழகையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன், தம் பதிவுகள் முழுவதையும் வேண்டியபோது வெளியே எடுத்து வேறொன்றுக்கு மாற்ற இயலுமா என்றே அவர் முதலிற் கேட்க வேண்டும். இயலாதெனின், தம் கடையைப் பற்றிய அறிவைத் தாமே பணம் கொடுத்துப் பிறரிடம் ஒப்படைத்தவராவார்.

சுயசேவை முறை வருமுன் கடைச்சிப்பந்தியின் கையும் கண்ணும் அறிந்திருந்ததை, கோடுகளும் பதிவேடும் ஓரளவுக்கு மீட்டுத் தந்துள்ளன. ஓரளவுக்கு என்று கூறுவதற்குக் காரணமுண்டு. ஒரு பொருள் 14 இருப்பதாகப் பதிவேடு சொல்லும். அந்தப் பதினான்கும் இறாக்கையில் நல்ல நிலையில் இருக்கின்றனவா என்பதை, எழுந்து சென்று எண்ணிப் பார்ப்பவரே சொல்ல முடியும்.